பச்சை வட்டங்கள்

சிண்டிசிவே மேஜைமேல் வரைபடத்தை விரித்தாள்.
சிவப்பு வட்டம் என்றால் விற்றாயிற்று.
மஞ்சள் என்றால் யாரோ யோசிக்கிறார்கள்.
பச்சையெல்லாம் காலி, பதினொரு வீடு,
எது வேண்டும், மிஸஸ் மூட்லி?

எது வேண்டும்.

டொங்காட்டுக்கு மேலே
கரும்பை வழித்துவிட்டுக் கட்டிய இந்த மேட்டில்
எழுபத்திரண்டு வயதில்
ஒரு வரைபடம் என்னைப் பார்த்துக் கேட்கிறது.

முன்பொன்று இருந்தது. அதிலும் நிறங்கள்தாம்.
அதை எங்களுக்கு யாரும் விரித்துக் காட்டவில்லை.
சன்னலுக்கு வெளியே அப்பா வரிசையில் நின்றார்,
நகரசபை எழுத்தர் தலை தூக்காமல் ஓர் எண்ணைச் சொன்னார்.
மகசின் பாரக்ஸிலிருந்து லாரி.
சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்,
கைவைத்தால் ஈரம் ஒட்டும் சுவர்.
பக்கத்து வீட்டாரும் எங்களைக் கேட்டு வாங்கவில்லை,
எண்தான் அவர்களையும் கொண்டுவந்து போட்டது.
அறுபது வருஷம் அவர்களோடு
சண்டை போட்டேன், சர்க்கரை கடன் வாங்கினேன்,
நால்வரை வழியனுப்பினேன்.

பெர்த்திலிருந்து தேவன் போனில் சொல்கிறான்:
கடல் தெரியும் வீடாகப் பார் அம்மா,
பின்னால் விற்கவும் வசதி.
பின்னால் என்றால் எப்போது என்று
இருவருமே பேசவில்லை.

நாலாம் எண்ணில் கடல் தெரிந்தது.
குளியலறையில் ஒரு சிவப்புக் கயிறு,
விழுந்தால் இழுக்க.
விழாமலே இழுத்துப் பார்த்தேன்.
நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.
நாற்பத்தொரு நொடி.
சட்டை ஆலையில் முப்பது வருஷம்
கழுத்துப்பட்டி தைத்தவளுக்கு
நொடியை எண்ணத் தெரியும்.

இருபத்து மூன்றில் கடல் இல்லை, ஜெனரேட்டர் இருந்தது.
கரண்ட் போகும்போதெல்லாம்
தலையணைக்குள் ஒரு பஸ் உறுமும்.

கேள்விகள் கேட்டேன்.
வாசலில் விளக்கு வைக்கலாமா? வைக்கலாம், கண்ணாடிக்குள்.
சாம்பிராணி? புகை மணி அடிக்குமே.
மீன் பொரித்தால்?
சிண்டிசிவே சிரித்தாள்,
மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டாள்.
அவள் எழுதியது எனக்குப் பிடித்தது.

பதினேழாம் எண்ணுக்குப் பின்னால்
ஒரு வெள்ளைக்காரர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.
ஊஸ்தைசன், பதினெட்டு, என்றார்,
வாயில் மூன்று கிளிப்பைக் கவ்வியபடி.
இங்கே காற்று நல்ல காற்று,
மதியத்துக்குள் போர்வையே காய்ந்துவிடும்.
கொடியில் ஏழு சட்டைகள், எல்லாம் ஆண் சட்டை.
கழுத்துப்பட்டி நைந்திருந்தது.
பிரித்துத் திருப்பித் தைத்தால் இன்னும் மூன்று வருஷம் வரும்.
சொல்லவில்லை.

அறுபத்து நாலில் அவர்
வரைபடத்தின் எந்த நிறத்தில் குடியிருந்தார் என்றும்
கேட்கவில்லை.
கேட்பேன். நடுவில் ஒரே சுவர்தானே.

அன்றைக்கே தெரியும் எனக்கு, பதினேழு என்று.
ஆனாலும் அடுத்த வியாழன் போனேன்,
இரண்டாம் எண்ணைக் காட்டச் சொன்னேன்.
அதற்கடுத்த வியாழனும்.
சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன்,
மூடினேன்.
வேண்டாம், என்றேன்.
இதுவும் வேண்டாம்.
அந்தச் சொல்லை வாயில் போட்டு
கல்கண்டு மாதிரி ஒதுக்கிக்கொண்டேன்.

சிண்டிசிவே சாவிக்கொத்தோடு கூடவே நடந்தாள்,
கடிகாரம் பார்க்கவில்லை.
அவளுடைய பாட்டனையும் ஒரு லாரி ஏற்றிப்போனதாம்,
படியிறங்கும்போது சொன்னாள்,
வேறொன்றும் சொல்லவில்லை.

நாலாம் வியாழன்.
பதினேழுக்கு மஞ்சள் வைக்கலாம், என்றேன்,
நானே ஒட்டட்டுமா?

அவள் பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்
தாளை என் பக்கம் தள்ளினாள்.
மஞ்சள் வட்டம் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது,
ஓரம் மடங்கியது.
மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
நகத்தால் நீவி நீவி வைத்தேன்.

யாரோ யோசிக்கிறார்கள்.